குக்கீ கிரிஸ்ப்: காலைச் சாப்பாட்டுக்குள் பலகாரம் நுழைந்த கதை

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1977-ஆம் ஆண்டு ஒரு மந்திரவாதி தோன்றினார். கூம்புத் தொப்பி, நீள அங்கி, தொங்கும் தாடி. பெயர் குக்கீ ஜார்விஸ். சமையலறையில் இருக்கும் குக்கீ ஜாடியை நோக்கிக் கோலை அசைப்பார். ஜாடி பால் கிண்ணமாக மாறிவிடும். கிண்ணத்தில் குட்டிக் குட்டிக் குக்கீகள் மிதக்கும். காலையில் குக்கீ சாப்பிடக் கூடாது, ஆனால் குக்கீ கிரிஸ்ப் சாப்பிடலாம். அவர் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்த சேதி இவ்வளவுதான்.

இந்தச் சேதியின் முதல் பாதி அம்மாவின் குரல். இரண்டாம் பாதி கம்பெனியின் குரல். நடுவில் நிற்கும் 'ஆனால்' என்ற ஒற்றைச் சொல்லைத்தான் ரால்ஸ்டன் பியூரினா நிறுவனம் அட்டைப்பெட்டியில் அடைத்து விற்றது என்று எனக்குத் தோன்றுகிறது. இனிப்பான சீரியல் அதற்கு முன்பே கடைகளில் ஏராளம். தன்னைப் பலகாரம் என்று பெயரிலேயே சொல்லிக்கொண்டு, அதே மூச்சில் காலை உணவு என்றும் சொல்லிக்கொண்ட ஒன்று இத்தனை ஆண்டு தாக்குப்பிடித்ததுதான் ஆராய வேண்டிய விஷயம். அந்த அனுமதி எப்படிக் கிடைத்தது, யார் கொடுத்தார்கள், அதற்கு எதிராக யார் நின்றார்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கிறேன்.

சீரியல் என்றால் நம் வீடுகளில் சாயங்காலத் தொலைக்காட்சித் தொடர்தான் முதலில் நினைவுக்கு வரும். இங்கே சொல்வது கார்ன் ஃபிளேக்ஸ் மாதிரிப் பெட்டியில் வரும், குளிர்ந்த பாலில் போட்டுச் சாப்பிடும் தானிய உணவை.

நோயாளிகளின் சாப்பாடு

இந்த உணவு பிறந்தது மருத்துவமனையில். 1863-இல் நியூயார்க் மாநிலத்தின் டான்ஸ்வில் ஊரில் சுகாதார விடுதி நடத்திய ஜேம்ஸ் கேலப் ஜாக்சன், உமி நீக்காத கோதுமை மாவைச் சுட்டு, உடைத்து, மறுபடி சுட்டு 'கிரானுலா' என்று பெயரிட்டார். அதை இரவே ஊறவைத்தால்தான் காலையில் பல்லுக்கு மசியும். மிச்சிகனின் பேட்டில் கிரீக் நகரில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சபையோடு தொடர்புடைய சானிட்டோரியத்தை நடத்தியவர் டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக். இறைச்சி, மசாலா, மது எதுவும் ஆகாது என்பவர். அவரும் தம்பி வில் கீத் கெல்லாக்கும் 1894-இல் வேகவைத்த கோதுமையை உருளைகளுக்கு இடையே விட்டு மெல்லிய செதில்களாக எடுத்தார்கள்.

அண்ணனுக்கு நோயாளியின் குடல்தான் கவலை. தம்பி ஊர் முழுவதையும் வாடிக்கையாளராகப் பார்த்தார். 1906-இல் தனியாகக் கம்பெனி தொடங்கிச் சோளச் செதிலை விற்றார். அதில் கொஞ்சம் சர்க்கரை சேர்த்தது சகோதரர்களுக்கு இடையே இருந்த மனக்கசப்புகளில் ஒன்று. சீரியலுக்குள் சர்க்கரை போகலாமா கூடாதா என்ற சண்டை ஒரே வீட்டின் அண்ணன் தம்பிக்குள் தொடங்கியது. அது இன்னும் முடியவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தம்பியின் பக்கம் முழுதாக வென்றது. 1949-இல் போஸ்ட் நிறுவனத்தின் ஷுகர் கிரிஸ்ப், 1950-இல் கெல்லாக்கின் ஷுகர் பாப்ஸ், 1952-இல் ஷுகர் ஃப்ராஸ்டட் ஃபிளேக்ஸ், 1953-இல் ஷுகர் ஸ்மாக்ஸ். ஸ்மாக்ஸின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. அந்த நாளில் 'ஷுகர்' என்ற சொல்லைப் பெயரின் தலையிலேயே தூக்கி வைத்தார்கள். அது பெருமைக்குரிய சொல்லாக இருந்தது. அந்தச் சொல் பின்னால் எங்கே போனது என்பதற்குத் திரும்பி வருகிறேன்.

தீவனக் கடையும் ஆரோக்கிய இயக்கமும்

குக்கீ கிரிஸ்பைப் பெற்றெடுத்த கம்பெனியின் பெயர் எனக்கு அதன் சீரியலைவிட வியப்பானது. வில்லியம் டான்ஃபோர்த் என்பவர் 1894-இல் மிசோரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை, கோவேறு கழுதைகளுக்கான தீவன வியாபாரத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் மனிதர்களுக்கான முழுக் கோதுமை சீரியலிலும் இறங்கினார். அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் 'ரால்ஸ்டனிசம்' என்ற ஆரோக்கிய இயக்கம் பரவிக்கொண்டிருந்தது. அதை நடத்தியவர் வெப்ஸ்டர் எட்ஜர்லி. டாக்டர் ரால்ஸ்டன் என்பது அவர் சூட்டிக்கொண்ட பெயர். என்ன சாப்பிட வேண்டும், எப்படி நடக்க வேண்டும், எப்படி மூச்சு விட வேண்டும் என்று சீடர்களுக்கு விதி வகுத்தவர். முழுக் கோதுமையை அவர் ஆதரித்தார். அவருடைய ஒப்புதலைத் தன் சீரியலுக்கு வாங்கிய டான்ஃபோர்த், 1902-இல் கம்பெனியின் பெயரையே ரால்ஸ்டன் பியூரினா என்று மாற்றினார். பியூரினா என்பது 'தூய்மை' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லிலிருந்து உருவாக்கியது.

ஆக, பெயரின் ஒரு பாதி ஆரோக்கிய குருவுடையது, மறுபாதி தூய்மை. அந்தப் பெயர் தாங்கிய கம்பெனிதான் முக்கால் நூற்றாண்டு கழித்து, காலையில் குக்கீ சாப்பிடலாம் வாருங்கள் என்று மந்திரவாதியை அனுப்பியது.

அதற்கு வியாபாரக் காரணம் இருந்தது. சீரியல் சந்தை கெல்லாக், ஜெனரல் மில்ஸ், போஸ்ட், குவேக்கர் ஆகியோரின் பிடியில் இருந்தது. 1950-இலிருந்து 1972 வரை ஆறு பெரிய தயாரிப்பாளர்கள் சேர்ந்து 80-க்கும் மேற்பட்ட புதிய சீரியல்களை இறக்கினார்கள். கடை அலமாரியில் இடைவெளி எங்கே தெரிந்தாலும் அதில் ஒரு புதுப் பெட்டி. சின்னக் கம்பெனி நுழைய முடியாதபடி அலமாரியையே அடைத்துவிட்டார்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 1972-இல் அந்த நான்கு பெரிய நிறுவனங்கள் மீது வழக்கே தொடுத்தது. பத்தாண்டு இழுத்து அது தள்ளுபடியானது. அந்த ஆறு பேரில் ரால்ஸ்டனும் ஒன்று, ஆனால் நால்வர் அணியில் இல்லை. அதனிடம் செக்ஸ் (Chex) என்ற கட்டம் போட்ட சீரியல் இருந்தது, அது பெரியவர்களுக்கானது. பிள்ளைகளைப் பிடிக்க விநோதம்தான் வழி. 1972-இல் ஃப்ரீக்கீஸ் என்று விசித்திரப் பிராணிகளை வைத்து ஒரு சீரியல். எண்பதுகளில் டாங்கி காங் வீடியோ விளையாட்டு, பேட்மேன், நிஞ்ஜா ஆமைகள் என்று பிள்ளைகள் வாயில் எந்தப் பெயர் புழங்கினாலும் அதை வாங்கி ஒரு பெட்டியில் ஒட்டினார்கள். பெரும்பாலானவை ஓரிரு வருடத்தில் மறைந்தன. குக்கீ கிரிஸ்ப் மட்டும் நிலைத்தது.

காரணம் எளிது என்று நினைக்கிறேன். நிஞ்ஜா ஆமை அடுத்த வருடம் பழசாகிவிடும். குக்கீ மீதான ஆசை பழசாகாது.

ஏன் அந்த வருடம்

சாக்லேட் சிப் குக்கீ அமெரிக்காவின் பழைய பலகாரம் மாதிரித் தோன்றும்; உண்மையில் அதன் வயது குறைவு. மாசசூசெட்ஸின் விட்மன் ஊரில் டோல் ஹவுஸ் என்ற விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்ட் 1930-களில் செய்து புகழ்பெறச் செய்தது அது. அறுபதுகளில் அது கடைப் பாக்கெட்டுக்கு வந்தது. எழுபதுகளின் நடுவில் திடீரென்று ஒரு குக்கீ அலை அடித்தது. 1975-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஃபேமஸ் ஏமஸ் கடை, 1977-இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் மிஸஸ் ஃபீல்ட்ஸ் கடை. குக்கீயை மட்டுமே விற்கும் கடைக்கு வரிசையில் நின்றார்கள். அதே 1977-இல் குக்கீ கிரிஸ்ப். சாக்லேட் சிப், வெனிலா வேஃபர் என்ற வகைகள் ஆரம்ப நாளிலேயே வந்தன.

அதே வருடம் எதிர்த்திசையில் இன்னொரு காற்றும் வீசிக்கொண்டிருந்தது. அதன் தொடக்கம் 1970. ராபர்ட் சோட் என்ற சமூக ஆர்வலர் அமெரிக்க செனட் குழுவின் முன் அமர்ந்து, கடையில் விற்கும் 60 சீரியல்களை ஊட்டச்சத்து வரிசைப்படி அடுக்கிக் காட்டினார். 40 சீரியல்கள் வெறும் கலோரி, உடம்புக்குச் சத்தாக ஒன்றும் சேர்ப்பதில்லை என்றார். கம்பெனிகள் கொதித்தன. ஆனால் அதற்குப் பிறகு எல்லாரும் அவசர அவசரமாக வைட்டமின்களையும் இரும்புச் சத்தையும் சேர்த்தார்கள். ஹூஸ்டனில் ஐரா ஷானன் என்ற பல் மருத்துவர் 78 சீரியல்களை வாங்கிவந்து ஆய்வுக்கூடத்தில் சர்க்கரையை அளந்து வெளியிட்டார். அப்போது பெட்டியில் சர்க்கரை அளவைப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே அவர் பட்டியல் பல பெற்றோருக்கு முதல் தகவல்.

பாஸ்டன் பகுதியில் பெகி சாரன் தொடங்கி நடத்திய 'ஆக்‌ஷன் ஃபார் சில்ட்ரன்ஸ் டெலிவிஷன்' அமைப்பும், வாஷிங்டனின் பொதுநல அறிவியல் மையமும் 1977-இல் வர்த்தக ஆணையத்திடம் மனுக் கொடுத்தன. பிள்ளைகளைக் குறிவைக்கும் இனிப்பு விளம்பரங்களைக் கட்டுப்படுத்துங்கள் என்பது கோரிக்கை. ஆணையத்தின் தலைவர் மைக்கேல் பெர்ட்சக் அதைக் கையில் எடுத்தார். 1978-இல் வந்த முன்மொழிவு கடுமையானது. விளம்பரம் என்றால் என்ன என்றே புரியாத சின்னப் பிள்ளைகளுக்கு எந்த விளம்பரமும் கூடாது. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லைக் கெடுக்கும் இனிப்புகளின் விளம்பரம் கூடாது.

நியாயமான யோசனையாகவே இன்றும் எனக்குப் படுகிறது. அது அடிபட்ட விதம்தான் வருத்தமானது. உணவு, விளம்பர, தொலைக்காட்சித் துறைகள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தன. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ், ஆணையம் நாட்டுக்கே ஆயாவாக ஆசைப்படுகிறது என்ற தொனியில் தலையங்கம் எழுதியது. 1980-இல் காங்கிரஸ் சட்டம் இயற்றி, இந்த விஷயத்தில் ஆணையத்தின் கையைக் கட்டியது. 1981-இல் முயற்சி கைவிடப்பட்டது. குக்கீ கிரிஸ்பின் முதல் நான்கு வருடம் சரியாக இந்தப் போராட்டத்தின் காலம். அம்மாக்கள் எதிர்த்துப் போராடிய பொருளின் சரியான உருவம் அந்த மந்திரவாதியின் கிண்ணத்தில் மிதந்துகொண்டிருந்தது, ஜெயித்தும் விட்டது.

இப்போது 'ஷுகர்' என்ற சொல்லுக்கு வருகிறேன். எண்பதுகளில் அந்தச் சொல் பெட்டிகளிலிருந்து நழுவியது. ஷுகர் ஸ்மாக்ஸ் ஹனி ஸ்மாக்ஸ் ஆனது. ஷுகர் பாப்ஸ் கார்ன் பாப்ஸ் ஆனது. ஷுகர் ஃப்ராஸ்டட் ஃபிளேக்ஸின் முன்னால் இருந்த சொல் காணாமல் போனது. சர்க்கரை உள்ளேதான் இருந்தது, பெயர்தான் மாறியது. குக்கீ கிரிஸ்புக்கு இந்தச் சிரமம் வரவே இல்லை. குக்கீ என்ற சொல் சர்க்கரையைச் சொல்லாமல் சொல்லும்; கேட்பவருக்கு அடுப்பு வாசனை, பாட்டி வீடு, பள்ளி விட்டு வந்த மாலை நேரம் எல்லாம் நினைவுக்கு வரும். எந்தச் சட்டமும் குறைகூற முடியாத சொல் அது.

குக்கீயைப் பாலில் போட்டால் என்ன ஆகும்

நிஜக் குக்கீயைக் கிண்ணத்தில் உடைத்துப் போட்டுப் பால் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் கூழாகிவிடும். பால் காபியில் பிஸ்கட்டை ஒரு நொடி அதிகமாக முக்கியவர்களுக்கு இந்த இழப்பு தெரியும். குக்கீயைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பது வெண்ணெயும் சர்க்கரையும். திரவம் உள்ளே போனதும் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். ஆகவே குக்கீ கிரிஸ்ப் உண்மையில் குக்கீ இல்லை. அது குக்கீயின் வேடம் போட்ட சோளம்.

இப்படிப்பட்ட வடிவச் சீரியல்களின் வேலை எக்ஸ்ட்ரூடரில் தொடங்கும். நம் முறுக்கு நாழியைப் பெரிதாக்கி, உள்ளே சுழலும் திருகும் சூடும் அழுத்தமும் வைத்தால் அதுதான். மாவும் நீரும் ஒரு பக்கம் போகும். உள்ளே வெந்து களியாகி, மறுபக்கம் அச்சுத் துளை வழியே வெளியே வரும். கத்தி சுழன்று துண்டு போடும். அழுத்தம் விலகும்போது உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிப் பொரியும். அதனால் உள்ளே நுண்ணிய காற்றறைகள். பிறகு வறுத்து, ஈரம் சில சதவீதத்துக்கு மேல் இல்லாமல் காயவைப்பார்கள். சுழலும் உருளையில் போட்டுச் சர்க்கரைப் பாகு தெளிப்பார்கள். சூட்டில் கெடும் வைட்டமின்களை வறுத்த பிறகுதான் தெளிப்பது வழக்கம்.

அந்தப் பாகு இனிப்புக்காக மட்டும் இல்லை. உலர்ந்ததும் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய உறையாக நிற்கும். பால் உள்ளே புகுவதைத் தாமதப்படுத்தும். கிண்ணத்தில் எத்தனை நிமிடம் மொறுமொறுப்பு தாங்கும் என்பது இந்தத் தொழிலில் உயிர்நாடியான கணக்கு. மேல் உறையைக் குறைத்தால் சீக்கிரம் நமுத்துவிடும். சர்க்கரையைக் குறைக்கச் சொன்னால் கம்பெனிகள் தயங்குவதற்கு இது ஒரு நிஜமான காரணம், சாக்கு மட்டும் இல்லை.

இதே கம்பெனியின் எக்ஸ்ட்ரூடர் அறிவுக்கு இன்னொரு கிளையும் உண்டு. சீரியல் பிரிவில் இருந்த அந்த இயந்திரத்தை ஐம்பதுகளில் கடன் வாங்கித்தான் அதன் தீவனப் பிரிவு நாய் உணவைப் பொரித்துப் பார்த்தது. 1957-இல் பியூரினா டாக் சௌ வந்தது. உலகம் முழுக்க வளர்ப்பு நாய்கள் மெல்லும் உலர் உருண்டைகளும் பிள்ளைகள் மெல்லும் சீரியலும் ஒரே தொழில்நுட்பக் குடும்பம். யாரையும் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. தீவனத்தில் தொடங்கிய ஒரு கம்பெனிக்கு அது இயல்பான வழி.

குக்கீயிலிருந்து எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று பாருங்கள். கடையில் கிடைக்கும் சாக்லேட் சிப் குக்கீயின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு. சர்க்கரை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. குக்கீ கிரிஸ்பில் கொழுப்பு மிகவும் குறைவு. சர்க்கரையோ இன்றும் ஏறத்தாழ அதே மூன்றில் ஒரு பங்கு. வெண்ணெய் போனது, அதோடு குக்கீயின் மென்மையும் போனது. இனிப்பு அப்படியே தங்கியது. வட்ட வடிவமும் பழுப்புப் புள்ளிகளும், போன வெண்ணெயை நாக்குக்கு நினைவூட்டும் வேலையைச் செய்கின்றன. கண்ணால் சாப்பிட வைப்பது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

மந்திரவாதி, திருடன், நாய், ஓநாய்

விளம்பரப் பாத்திரங்களின் வரிசைதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மந்திரவாதி சில வருடம் இருந்தார். எண்பதுகளில் குக்கீ குரூக் என்ற முகமூடித் திருடன் வந்தான். அவனைத் துரத்த குக்கீ காப் என்ற போலீஸ்காரர். திருடன் ஒவ்வொரு முறையும் கிண்ணத்தைக் களவாடப் பார்ப்பான், ஒவ்வொரு முறையும் பிடிபடுவான். பிறகு திருடனுக்குக் கூட்டாளியாக சிப் என்ற நாய் சேர்ந்தது. 'குக்கீ' என்பதை ஊளையாக நீட்டி இழுக்கும். 1997-இல் ஜெனரல் மில்ஸ் இந்தச் சீரியலை வாங்கிய பிறகு திருடனும் போலீசும் ஓய்வு பெற்றார்கள், நாய் மட்டும் நின்றது. 2005-இல் நாயின் இடத்துக்கு அதே பெயரில் ஓநாய் வந்தது. அதுவும் திருடத்தான் அலைகிறது.

வேடம் மாறியது, கதை மாறவில்லை. மந்திரவாதியை விட்டால் மற்றவை எல்லாம் களவுக் கதை. இது தற்செயல் இல்லை. அமெரிக்கப் பிள்ளைப் பருவத்தில் குக்கீ ஜாடி என்பது எட்டாத அலமாரியில் இருக்கும் பொருள். அதில் கையை விட்டுப் பிடிபடுவது என்பது அவர்களுடைய பழமொழியிலேயே உண்டு. நம் ஊரில் வெண்ணெய் திருடிய கண்ணனை எப்படி எல்லாத் தாய்மாரும் மன்னித்துக் கொஞ்சுகிறார்களோ, அப்படி அவர்களுக்குக் குக்கீ திருடும் பிள்ளை. தடை இருந்தால்தான் ருசி. குக்கீ கிரிஸ்ப் விளம்பரம் அந்தத் தடையை ஒவ்வொரு முறையும் முதலில் நினைவூட்டுகிறது, ஒருவன் திருட முயல்கிறான், கடைசியில் பிள்ளைகள் மேசையில் அமர்ந்து பெற்றோர் முன்னிலையில் அதே பொருளைச் சட்டப்படி சாப்பிடுகிறார்கள். குற்றம் ஓநாயுடையது, கிண்ணம் பிள்ளையுடையது.

பெற்றோருக்கு இன்னொரு சேதி தனியாகப் போனது. விளம்பரத்தின் கடைசி நொடிகளில் ஆரஞ்சு ஜூஸ், ரொட்டி, ஒரு டம்ளர் பால் சூழக் கிண்ணம் தெரியும். முழுமையான காலை உணவில் இது ஒரு பகுதி என்று ஒரு குரல் சொல்லும். அந்தக் கால இனிப்புச் சீரியல் விளம்பரங்கள் எல்லாவற்றிலும் ஒலித்த வாசகம் அது. பொய் இல்லை. ஜூஸும் ரொட்டியும் பாலும் இருந்தால் கிண்ணம் இல்லாமலேயே அது ஏறத்தாழ முழுமையான காலை உணவுதான்.

கணக்கு

ஒரு பரிமாறல் 26 கிராம் என்று பெட்டியில் போட்டிருந்த காலத்தில் அதில் சர்க்கரை 9 கிராம். அந்த 9-க்குப் பின்னால் ஒரு வாக்குறுதி இருக்கிறது. 2009 டிசம்பரில் ஜெனரல் மில்ஸ், பிள்ளைகளுக்கு விளம்பரம் செய்யும் சீரியல்களில் ஒரு பரிமாறலுக்குச் சர்க்கரையை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது. முதல் பொருளாக முழுச் சோளம் இருக்கும்படி அதற்கு முன்பே கலவையை மாற்றியிருந்தார்கள். இரண்டும் நல்ல மாற்றங்கள். அழுத்தம் கொடுத்தவர்களுக்கு அந்தப் பெருமை சேரும்.

ஆனால் 26 கிராம் என்பது முக்கால் கப். பசியோடு பள்ளிக்குக் கிளம்பும் பத்து வயதுப் பிள்ளை முக்கால் கப்பில் நிறுத்தாது. இரண்டு பரிமாறல் போனால் 18 கிராம். 2 முதல் 18 வயது வரை, சேர்க்கப்பட்ட சர்க்கரை நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க இதய சங்கம் 2016-இல் சொன்னது. அமெரிக்க அரசு ஏழைத் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் நடத்தும் விக் உணவுத் திட்டத்தில், 100 கிராமுக்கு 21.2 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள சீரியலுக்கு இடமில்லை. குக்கீ கிரிஸ்ப் அந்தக் கோட்டுக்கு வெகு மேலே.

இந்தக் கணக்குகளைவிட ஒரு சோதனை என்னை அதிகம் யோசிக்க வைத்தது. யேல் பல்கலைக்கழகத்தின் ரட் மைய ஆய்வாளர்கள், கோடை முகாமுக்கு வந்த 5 முதல் 12 வயது வரையிலான 91 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இனிப்பு மிகுந்த சீரியல்கள், மறுபிரிவுக்கு இனிப்புக் குறைந்தவை. மேசையில் பால், ஜூஸ், நறுக்கிய பழம், சர்க்கரைப் பொட்டலம் எல்லாம் இருந்தன, யாரும் தடுக்கவில்லை. 2011-இல் வெளியான முடிவு இது: இனிப்புச் சீரியல் கிடைத்தவர்கள் சராசரியாக 61 கிராம் சாப்பிட்டார்கள், மற்றவர்கள் 35 கிராம். இரண்டாம் பிரிவுப் பிள்ளைகள் தங்கள் கையால் சர்க்கரை தூவிக்கொண்டார்கள். அப்படியும் அவர்கள் உண்ட மொத்தச் சர்க்கரை முதல் பிரிவில் பாதி. பழம் போட்டுக்கொண்டவர்களும் அவர்களில்தான் அதிகம். சாப்பாடு பிடித்ததா என்று கேட்டபோது இரண்டு பக்கமும் பிடித்தது என்றே சொன்னார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் வீட்டுப் புட்டு ஞாபகம் வந்தது. சூடான புட்டின் மேல் தேங்காய்த் துருவல், ஒரு வாழைப்பழம், அதற்கு மேல் சர்க்கரை. இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொண்ட பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். காலையில் இனிப்பு என்பது நமக்கு அதிர்ச்சி தரும் விஷயம் இல்லை. அதை வைத்து அமெரிக்கர்களை நான் குறை சொல்ல முடியாது. ஆனால் புட்டின் மேல் சர்க்கரை போட்டது பாட்டியின் கை. போதும் என்று நிறுத்தியதும் அதே கை. இன்னும் கொஞ்சம் என்று நான் கெஞ்சினால் கொடுப்பதா மறுப்பதா என்று அந்த நேரத்தில், என் முகத்தைப் பார்த்து அவர் முடிவு செய்தார். முன்கூட்டியே இனிப்பு ஏற்றிய சீரியல் அந்தக் கையை மேசையிலிருந்து எடுத்துவிட்டது. கரண்டி ரால்ஸ்டனின் செயின்ட் லூயிஸுக்கோ ஜெனரல் மில்ஸின் மினியாபோலிஸுக்கோ போய்விட்டது. யேல் சோதனை சொல்வது, கரண்டியைப் பிள்ளையிடமே கொடுத்தாலும் அது தொழிற்சாலையைவிடக் குறைவாகத்தான் போடும் என்பதை.

பரம்பரை

ரால்ஸ்டன் தன் சீரியல் வியாபாரத்தை 1994-இல் ரால்கார்ப் என்று தனியாகப் பிரித்தது. 1997-இல் செக்ஸும் குக்கீ கிரிஸ்பும் சேர்ந்து ஏறத்தாழ 57 கோடி டாலருக்கு ஜெனரல் மில்ஸின் கைக்குப் போயின. அமெரிக்காவுக்கு வெளியே அதை நெஸ்லேயும் ஜெனரல் மில்ஸும் கூட்டாக நடத்தும் நிறுவனம் விற்கிறது. ரூத் வேக்ஃபீல்டின் டோல் ஹவுஸ் பெயரில் சாக்லேட் சிப்களை விற்று வளர்ந்ததும் நெஸ்லேதான். ஐரோப்பியப் பெட்டிகளில் மூலக் குக்கீயும் வேடக் குக்கீயும் ஒரே குடும்பப் பெயருக்குக் கீழே வந்து சேர்ந்தன.

குக்கீ கிரிஸ்ப் திறந்த கதவு வழியே பலர் நுழைந்தார்கள். 1984-இல் இலவங்கப்பட்டை தூவிய சின்னமன் டோஸ்ட் கிரஞ்ச். விற்பனையில் இது மூத்ததை வெகுவாக முந்திவிட்டது. 1987-இல் ஐஸ்கிரீம் கோன் வடிவச் சீரியல், சீக்கிரமே மறைந்தது. 1995-இல் ஃபிரெஞ்ச் டோஸ்ட் கிரஞ்ச். 2006-இல் நிறுத்தினார்கள், பழைய ரசிகர்கள் விடாமல் கேட்டதால் 2014 கடைசியில் அமெரிக்காவில் திரும்ப வந்தது. ஓரியோ பிஸ்கட்டின் பெயரில் வந்த ஓரியோ ஓஸ் கதை இன்னும் விசித்திரம். பிஸ்கட்டின் உரிமை ஒரு கம்பெனியிடம், சீரியல் செய்யும் உரிமை இன்னொன்றிடம் என்று பிரிந்தபோது 2007-இல் அமெரிக்காவில் அது நின்றுபோனது. தென்கொரியாவில் மட்டும் டோங்சுவோ நிறுவனத்திடம் இரண்டு உரிமையும் இருந்ததால் அங்கே தொடர்ந்து கிடைத்தது. அமெரிக்காவில் பிறந்த சீரியலை அமெரிக்கர்கள் கொரியாவிலிருந்து தருவித்துச் சாப்பிட்டார்கள், பத்து வருடம். 2017-இல் அது வீடு திரும்பியது.

இப்படித் தருவித்தவர்களும், நிறுத்திய சீரியலுக்காக மனுப் போட்டவர்களும் பிள்ளைகள் இல்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சனிக்கிழமை காலைக் கார்ட்டூன் முன்னால் கிண்ணத்தோடு அமர்ந்தவர்கள், இன்று சம்பாதிப்பவர்கள். அவர்களுக்கு இது காலை உணவே இல்லை. இரவு பத்து மணிக்கு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, நின்றுகொண்டே ஒரு கிண்ணம். அப்போது அவர்களுக்கு யார் அனுமதியும் தேவைப்படுவதில்லை.

எதிர்ப்பும் ஓயவில்லை. 2011-இல் சுற்றுச்சூழல் பணிக்குழு என்ற அமெரிக்க அமைப்பு, ஒரு கப் அளவில் மூன்று சிப்ஸ் அஹாய் குக்கீகளைவிட அதிகச் சர்க்கரை உள்ள பிள்ளைகளுக்கான சீரியல்கள் 44 என்று எண்ணிக் காட்டியது. சிலி நாடு 2016-இல், சர்க்கரை மிகுந்த பெட்டியின் முகத்தில் கறுப்பு எண்கோண முத்திரை கட்டாயம், பிள்ளைகளைக் கவரும் கார்ட்டூனுக்குத் தடை என்று சட்டத்தை அமல்படுத்தியது. ஃப்ராஸ்டட் ஃபிளேக்ஸ் பெட்டியில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சிரித்துக்கொண்டிருந்த டோனி புலி சிலியில் பெட்டியை விட்டு இறங்கியது. மெக்சிகோவும் பின்தொடர்ந்தது. 1978-இல் பெர்ட்சக் கேட்டதைவிட வெகு தூரம் போன சட்டங்கள் இவை. பெர்ட்சக்கின் சொந்த நாட்டில் மட்டும் ஓநாய் இன்னும் பெட்டி மேல்தான்.

சாப்பிட்டு முடித்த கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் பால் மிஞ்சும். இனிப்பும் தானிய வாசனையும் இறங்கிய பால். பிள்ளைகள் கிண்ணத்தைத் தூக்கி அண்ணாந்து குடிப்பது அதைத்தான். நியூயார்க்கில் 2008-இல் மில்க் பார் என்ற இனிப்புக் கடையைத் திறந்த கிறிஸ்டினா டோசி, அந்த அடிப்பாலையே பண்டமாக்கினார். பாலில் சீரியலை ஊறவைத்து, வடிகட்டி, பழுப்புச் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து ஐஸ்கிரீமாக உறையவைத்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது கார்ன் ஃபிளேக்ஸை, டாக்டர் கெல்லாக்கின் சானிட்டோரியத்திலிருந்து வந்த அதே செதிலை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மக்கள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள்.